ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் காய்ச்சல் வரும். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் போய்விடும். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பிள்ளைக்கு வருகிற காய்ச்சல் என்று நான் கேலி செய்தேன். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, திங்கட்கிழமை அவர் போயாக வேண்டிய இடம் எதுவுமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கேலி செய்ய ஒரு வாய்ப்புக் கிடைத்தால் நான் விடுவதில்லை. அது என் பிறவிக் குணம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முப்பத்தேழு வருடம் உயரமான கட்டடங்களின் லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி ஏறி, எண்ணெய்க் கறையோடு வீடு திரும்பியவர். பேச்சு அவரிடமிருந்து அளந்துதான் வரும். நான் தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறேன். குண்டூசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டே பேசத் தெரிந்த ஆள். வீட்டில் பேச வேண்டிய மொத்தத்தையும் நானே பேசிவிடுவதால் அவர் கல்லுளிமங்கனாக இருப்பது ஒரு குறையாகவே எனக்குத் தெரிந்ததில்லை.

ஓய்வுபெற்ற பிறகு எட்டு மாதம் அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். "அங்க என்ன தெரியுது?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். உண்மையிலேயே ஒன்றுமில்லை, அந்தச் சுவரில் ஒரு காலண்டர்கூடக் கிடையாது. மெஷினை மிதித்துக்கொண்டே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். ஆள் அசைந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

பிறகு ஒரு நாள் எங்களைப் பார்க்க வந்த மகள் அவருடைய போனில் ரொட்டி சுடும் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள். விளையாட்டாகத்தான். மறுநாள் அவர் ஒரு சின்னத் தராசோடு வந்து நின்றார். அதற்கு மறுநாள் மாவு, ஈஸ்ட். அந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் குட்டி ஓவனிலிருந்து, ஒரு பழைய தகரத் தட்டில், செங்கல் மாதிரி ஒன்று வெளியே வந்தது. அதைக் கத்தியால் தட்டிப் பார்த்து, ஏதோ பெரிய இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்பது போலக் காதை வைத்துக் கேட்டு, "உள்ள ஈரம் இருக்கு" என்றார். எட்டு மாதத்தில் அவர் தானாக வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான். நான் சேலை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ரொட்டி ஆறு வாரத்தில் ரொட்டியானது. சனிக்கிழமை மாவு பிசைவார், ஞாயிற்றுக்கிழமை சுடுவார், மற்ற ஐந்து நாளும் அடுத்த ரொட்டியைப் பற்றி யோசிப்பார். மாவில் அழுந்தும்போது அந்தக் கைகள் மறுபடியும் வேலை தெரிந்த கைகளாக இருந்தன. எனக்கு என் புருஷன் திரும்பக் கிடைத்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் பிறந்தநாளுக்குச் சட்டி வாங்கினேன். அவர் பார்க்கும் வீடியோக்களில் எல்லாரும் கனமான மூடி போட்ட சட்டியில் ரொட்டி சுட்டார்கள். ஒரு விடுதிக்கு மாதம் முழுக்கத் திரைச்சீலை ஓரம் அடித்துச் சேர்த்த காசோடு பெரிய கடைக்குப் போய், உள்ளே கறுப்பாக மினுமினுக்கும் நான்-ஸ்டிக் சட்டியாகப் பார்த்து எடுத்தேன். எதுவும் ஒட்டாதாம், கழுவுவது சுலபமாம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "நல்லாயிருக்கு" என்றார்.

நான் எது வாங்கிக் கொடுத்தாலும் அவர் அப்படித்தான் சொல்வார். கல்யாணமான இரண்டாம் வருடம் நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த குடையை, பிடி ஆடுகிறது என்று கடையில் கொடுத்து வேறு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் பதினெட்டு நாள் அவரோடு பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது என்றால் அது எப்படிப்பட்ட வீடாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு இன்றுவரை எல்லாமே 'நல்லாயிருக்கு'தான். எனக்குப் பொருள் பார்த்து வாங்கும் சாமர்த்தியம் அதிகம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாவை வைப்பதற்கு முன்னால் சட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எங்கள் ஓவனை நம்பினால் அதற்கே ஒரு மணி நேரம் ஆகும். அதனால் அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். காலிச் சட்டியை மூடி போட்டு, கேஸ் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு, இருபது நிமிடம் காய வைப்பார். பிறகு மாவை உள்ளே இறக்கி ஓவனுக்குள் தள்ளுவார். மாவுக்குக் காற்று ஆகாது என்று சமையலறை ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திக்கொள்வார். முன்னறையில் ஃபேனைப் போட்டு, பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தைக்கிற எனக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது.

காய்ச்சல் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சாயங்காலம் ஐந்தரைக்குக் குளிர் எடுக்கும். உடம்பு வலி, வறட்டு இருமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறதென்று கையை வைத்துக்கொள்வார். மூன்று வாரம் கேலி செய்தேன். நான்காவது வாரம் பயந்துபோனேன். இடையில் ஒரே ஒரு ஞாயிறு காய்ச்சல் வரவில்லை, அடுத்த ஞாயிறு மறுபடி வந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை மட்டும் என்ன பண்றீங்க?"

"ரொட்டி சுடுவாரு" என்றேன் நான். அவருக்குப் பதிலாக நான்தானே பேசுவேன்.

"மாவுத் தூசு சிலருக்கு நெஞ்சுக்கு ஒத்துக்காது. கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நிறுத்தினார். காய்ச்சலும் நின்றது. டாக்டரம்மா சொன்னது சரி என்று நானும் மகளும் போனில் பேசிக்கொண்டோம். அவர் மறுபடியும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

இந்தத் தடவை எனக்கு வந்த பயம் முன்பைவிட மோசமானது. முன்பு அவரிடம் என்ன குறைகிறதென்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், ஆனால் அதைக் கொடுக்க வழியில்லை. ரொட்டி கொடுத்தால் மூச்சு முட்டும், கொடுக்காவிட்டால் ஆளே கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவார். மூன்றாவது வாரம், மாவு டப்பா கண்ணெதிரில் இருந்தால் அவருக்கு ஏக்கம் அதிகமாகும் என்று, அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் அலமாரியைக் காலி செய்தேன். டப்பாவுக்குப் பின்னால் ஒரு நோட்டு இருந்தது.

வேலை பார்த்த காலத்தில் அவர் இப்படி ஒரு நோட்டு வைத்திருப்பார். லிஃப்ட் பழுதானால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும், இரண்டை ஒன்றாக மாற்றினால் எது கெட்டதென்று ஜென்மத்துக்கும் தெரியாது என்பார். ரொட்டிக்கும் அதே மாதிரி கோடு போட்டு எழுதியிருந்தார்.

"புகார்: மாலை ஐந்தரைக்குக் குளிர், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம். மாற்றியது: மாவு. பலன்: இல்லை."

அடுத்த வாரம், "மாற்றியது: ஈஸ்ட். பலன்: இல்லை."

அதற்கடுத்த வாரம், "மாற்றியது: சட்டி. பழைய தகரத் தட்டில் சுட்டது. பலன்: காய்ச்சல் இல்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது. தட்டில் சுட்ட ரொட்டியைப் பார்த்துவிட்டு, "ஏன், நான் வாங்கின சட்டி பிடிக்கலையா?" என்று கேட்டிருந்தேன். என் வாய் ஒரு நாளாவது சும்மா இருந்திருக்கலாம்.

"மீண்டும் சட்டி. பலன்: காய்ச்சல். கோளாறு: சட்டி. காலியாகக் காயும்போது ஒரு வாடை வருகிறது."

அதற்குக் கீழே கடைசி வரி. "சரிசெய்யும் முறை: ரொட்டியை நிறுத்துவது. சட்டி அவள் வாங்கியது."

நான் அலமாரி முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா மாவு என்று சொன்னபோது இந்த மனுஷனுக்கு அது மாவு இல்லை என்று தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டியிருக்கிறார். என் மனசு கோணிவிடக் கூடாது என்பதற்காக ரொட்டியையே விட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதில் முக்கால்வாசி என்மேல்தான்.

நோட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓடினேன். அவர் இரண்டு முறை படித்தார். "அந்தப் பூச்சு சாதாரண சமையல் சூட்டைத் தாங்கும்மா. காலியா வெச்சு இவ்வளவு காய்ச்சினா சிதைஞ்சு புகை விடும். அதைச் சுவாசிச்சா சில மணி நேரத்துல இந்த மாதிரி குளிரும் காய்ச்சலும் வரும். ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். ஆனா வாராவாரம் இப்படிப் பண்ணக் கூடாது. என்கிட்ட பாத்திரத்தப் பத்திச் சொல்லவே இல்லையே?"

"சொல்ல வேண்டியவரு வாயைத் திறக்கல டாக்டர். திறந்திருந்த வாய்க்கு விஷயம் தெரியல."

"சட்டியோட ஒரு தாள் வந்திருக்குமே, படிக்கலையா?"

தாள் வந்தது. நல்ல வழவழப்பான தடித் தாள். எங்கள் வீட்டுக்கு வரும் எந்தத் தடித் தாளும் படிக்கப்படுவதில்லை, தையல் மாதிரியாக வெட்டப்பட்டுவிடும். வீட்டுக்கு வந்து மாதிரிக் கட்டை அவிழ்த்தேன். ஒரு சின்னப் பிள்ளை கவுனின் பாக்கெட் அளவுக்கு அது வெட்டப்பட்டிருந்தது. பின்பக்கம் கொட்டை எழுத்தில் "காலியாக அடுப்பில்" என்று இருந்தது. அதற்குமேல் என் கத்தரிக்கோல் போயிருந்தது.

அவர் முடிவெட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் நோட்டையும் அந்தப் பாக்கெட்டையும் மேஜைமேல் வைத்தேன்.

அவர் பார்த்தார். "அது சும்மா எழுதினது."

"சும்மா எழுதினதா? நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தீங்களே, அதுவும் சும்மாவா?"

"மறுநாள் போயிடுதில்ல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. இந்தச் சட்டி ஆகலடின்னு சொன்னா நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்?"

அந்தக் கேள்விக்குப் பதினெட்டு நாள் என்ற பதில் எங்கள் இருவருக்குமே தெரியும். நாற்காலியை இழுத்து அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னைப் பாருங்க. உங்களுக்கு ரொட்டி வேணுமா, வேண்டாமா?"

வெகுநேரம் சுவரைப் பார்த்தார். பிறகு, "வேணும்" என்றார். சின்னப் பிள்ளை கேட்பது போல இருந்தது.

மறுநாள் காலையிலேயே பாத்திரக் கடைக்குக் கிளம்பினோம். எங்கள் தெருமுனையிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி, தரையிலிருந்து கூரைவரை பாத்திரம் அடுக்கிய நீளமான கடை. கொண்டையில் பென்சில் செருகிய கடைக்காரம்மா எங்களைப் பார்த்ததும் ஏணியை நகர்த்திக்கொண்டு வந்தார்.

"உடம்பைக் கெடுக்காததா ஒரு ரொட்டிச் சட்டி வேணும்" என்றேன்.

"இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க" என்று சொல்லி வரிசையாக இறக்கினார். இலை படம் போட்ட பச்சைச் சட்டி. 'இயற்கை' என்று எழுதிய சாம்பல் சட்டி. கருங்கல்லில் குடைந்தது போலப் புள்ளி புள்ளியாக ஒன்று. என் வீட்டுக்காரர் அந்தக் கல்சட்டியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்தார்.

"கல்லு இல்ல" என்றார் மெதுவாக. "அலுமினியத்து மேல கல்லு மாதிரி பூச்சு."

கடைக்காரம்மா சிரித்துவிட்டார். "சாரை ஏமாத்த முடியாது. இலை படத்தையும் நம்பாதீங்க, அதுவும் பூச்சுதான். பூச்சே வேணாம்னா மூணு இருக்கு. கண்ணாடி, எவர்சில்வர், வெறும் இரும்பு."

எனக்குக் கண்ணாடிமேல் கண் விழுந்தது. மூடியும் கண்ணாடி, உள்ளே ரொட்டி உப்புவது தெரியும், பார்க்கவே லட்சணமாக இருந்தது. "இதை எடுத்துக்கலாமா? உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"உனக்குப் பிடிச்சா சரி" என்றார் அவர். "நல்லாயிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடியை மேஜைமேல் வைத்தேன். "இதோ பாருங்க, நான் வெளிய படியில போய் நிக்கறேன். சுடப்போறது நீங்க. மூச்சு விடப்போறது நீங்க. உங்க வாயால எது வேணும், எது வேண்டாம்னு சொன்னாத்தான் உள்ள வருவேன். இல்லேன்னா பொழுது சாயற வரைக்கும் படியிலதான்."

சொன்னபடியே போய் நின்றேன். வெயில் சுள்ளென்று அடித்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்கிற கண்ணோடு பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் தப்பில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே இரும்புமேல் இரும்பு வைக்கிற சத்தம் கேட்டது. 'ஒருவேளை இந்த மனுஷனுக்கு நிஜமாகவே வராதோ, முப்பத்து நான்கு வருடத்தில் நான் அதை அடியோடு பிடுங்கிவிட்டேனோ' என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் வாசலுக்கு வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அந்தக் கண்ணாடி வேண்டாம்" என்றார். தெருவுக்கே கேட்கும்படி சொன்னார், குரலை எந்த அளவில் வைப்பதென்று தெரியாமல். "அடுப்பு நெருப்புல நேரா வெச்சா வெடிச்சிரும். இரும்புச் சட்டிதான் வேணும். பூச்சு கிடையாது. கனம் ஜாஸ்தி, உன்னால தூக்க முடியாது. நானே தூக்கிக்கறேன். கழுவினா உடனே துடைக்கணும், எண்ணெய் தடவணும். அதையும் நானே பண்ணிக்கறேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் பயந்துபோய், "என்ன, கோவமா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். "இல்லவே இல்ல. இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதை?"

"வேண்டாம்னு."

"வேண்டாம்" என்றார். உள்ளேயிருந்து கடைக்காரம்மா, "அம்மா, இரும்பைக் கட்டிடட்டுமா?" என்று கத்தினார்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, ஜன்னலைத் திறந்து வைத்துச் சூடுபடுத்தி, ஆறவிட்டு, மறுபடி தடவினார். மூன்று நாள் இதையே செய்தார். நான் ஒரே ஒரு சட்டம் போட்டேன். எந்தச் சட்டியாக இருந்தாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மாவுக்கு ஜலதோஷம் பிடித்தால் பிடிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுட்டார். மேலே வெடித்து, பழுப்பாக, நாங்கள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்ட படத்தைவிட அழகாக வந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு ரொட்டி முக்கியமில்லை. ஐந்து மணிக்கே மெஷினை மூடிவிட்டு, தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். ஐந்தரை ஆயிற்று.

"குளிருதா?"

"இல்ல."

ஐந்தே முக்காலுக்கு, "லேசாக் குளிருது" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. பாய்ந்து நெற்றியைத் தொட்டேன்.

"ஃபேன் நேரா மேல அடிக்குது" என்றார்.

ஃபேனை அணைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தேன். ஆறு ஆயிற்று. ஆறரை ஆயிற்று. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், எனக்கு இருக்கிற சூடுதான் அவருக்கும் இருந்தது. இருமலும் இல்லை. அவர் நெஞ்சில் என் உள்ளங்கையை வைத்தேன். மூச்சு தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். எடுக்க மனசு வரவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார்.

"சொல்லுங்க."

"கோவிச்சுக்கக் கூடாது."

"மாட்டேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "நீ தெச்சுக் குடுக்கற சட்டையெல்லாம் எனக்குக் கழுத்து இறுக்குது."

"எந்தச் சட்டை?"

"எல்லாம்."

"எப்பலேருந்து?"

"மொதல் சட்டையிலேருந்து."

ஊரிலிருக்கிற கழுத்தையெல்லாம் அளந்து தைக்கிற நான், என் புருஷன் கழுத்தை ஒரு நாளும் அளந்ததில்லை. கட்டிக்கொண்டவருக்கு அளவெதற்கு, என் கண்ணுக்குத் தெரியாதா என்று கண் அளவிலேயே வெட்டியிருக்கிறேன். மெஷின்மேல் கிடந்த டேப்பை எடுத்து வந்து அவர் கழுத்தைச் சுற்றி வைத்தேன். இரண்டு விரல் உள்ளே விட்டு, நெருங்கி நின்று படித்தேன். நான் தைக்கிற காலரைவிட ஒன்றரை அங்குலம் அதிகமாக இருந்தது. முப்பத்து நான்கு வருடமாக இந்த மனுஷன் ஒன்றரை அங்குலம் குறைவான காற்றில் எனக்கு 'நல்லாயிருக்கு' சொல்லியிருக்கிறார்.

கண்ணில் நீர் கட்டி அங்குலக் கோடுகள் எல்லாம் கலங்கின. டேப்பை அவர் கழுத்திலேயே விட்டுவிட்டுக் கேட்டேன்.

"வேற ஏதாவது இருக்கா?"

அவர் பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.

"நிறைய இருக்கு" என்றார். "உக்காரு."